தலைக்கு மட்டும் ஒரு தனிக்குழாய்

அத்தாவின், அதாவது எங்கள் அப்பாவின், குரல் கம்மிப்போனதற்கு பஜாரில் எல்லோரும் பனியைத்தான் குற்றம் சொன்னார்கள். ஊட்டியில் எது நடந்தாலும் பனிதான். முட்டி வலித்தால் பனி, பைக் கிளம்பாவிட்டால் பனி, பையன் பரீட்சையில் கோட்டைவிட்டால்கூட "காலையில எந்திரிக்க முடியாத பனிங்க" என்று சொல்லித் தப்பித்துவிடலாம். எங்களுடையது வர்க்கிக் கடை; வர்க்கி என்றால் அடுக்கடுக்காக நொறுங்கும் ஊட்டி பிஸ்கட். முன்னால் விற்பனை, பின்னால் விறகடுப்பு. கடைப்படியில் நின்றுகொண்டு, சாலையின் அந்தப் பக்கம் வேனிலிருந்து இறங்குகிறவர்களைக் கூப்பிட்டே இழுத்துவிடும் குரல் அத்தாவுடையது. அது ஒரு டிசம்பரில் கரகரத்தது. தை பிறந்தபோது வெறும் காற்றாகிவிட்டது.

அம்மா சும்மா இருக்கவில்லை. மிளகுப் பால், வெந்நீர் ஆவி, கழுத்துக்கு மஃப்ளர், காதை மூடும் கம்பளிக் குல்லா. தினமும் அத்தா கடைக்குக் கிளம்பும் முன் அவர் நெற்றியிலும் உள்ளங்காலிலும் நீலகிரித் தைலம் தேய்த்துவிடுவது கல்யாணமான நாள் முதல் அம்மாவின் வழக்கம். இப்போது அது இரண்டு வேளை ஆயிற்று. சூடான வர்க்கியின் வாசனையையும் மீறிக் கடையில் தைலம் அடித்தது. "பாய், இது வர்க்கியா, தைல மிட்டாயா?" என்று ஒருவர் கேட்டார். "ரெண்டும் ஒரே விலைங்க" என்றார் அத்தா காற்றுக் குரலில்.

ஏப்ரலில் வெயில் வந்தது. குரல் வரவில்லை. நான் அப்போது கோவையில் விலங்கியல் முதுகலை முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் கல்லாவில் உட்கார்ந்து போனில் கண்டதையும் படித்துக்கொண்டிருந்தேன். பனி போன பிறகும் பனியால் வந்தது போகவில்லையென்றால் அது பனியால் வந்ததே இல்லை என்று எல்லோரிடமும் வாதாடி, அத்தாவைத் தொண்டை டாக்டரிடம் கிளப்பிக்கொண்டு போனேன். அவர் வாய்க்குள் குழாய் விட்டுப் பார்த்தார். தொண்டையில் ஒரு பக்கக் குரல்நாண் அசையவே இல்லை, கோயமுத்தூர் போய் நெஞ்சை ஸ்கேன் எடுங்கள் என்றார்.

"தொண்டை கட்டுனதுக்கு எதுக்குங்க நெஞ்சுல ஸ்கேன்?" என்றாள் அம்மா.

காரணம் ஸ்கேனில் இருந்தது. இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய் மேலே ஏறி, கைப்பிடி போல வளைந்து, பிறகு கீழே இறங்குகிறது. அந்த வளைவு அத்தாவுக்கு பலூன்போல வீங்கியிருந்தது. குரலுக்குப் போகும் நரம்பு அந்த வளைவின் அடியைச் சுற்றிக்கொண்டுதான் தொண்டைக்கு ஏறுமாம். வீக்கம் அதை நசுக்கிவிட்டது. இத்தனை மாதம் நாங்கள் தொண்டைக்கு ஆவி பிடித்துக்கொண்டிருந்தோம்.

பலூன் வெடித்தால் ஆள் இல்லை. வளைவை வெட்டி எடுத்துவிட்டுத் துணியாலான குழாயைத் தைக்க வேண்டும் என்றார் அறுவை டாக்டர். சிக்கல் என்னவென்றால், மூளைக்குப் போகும் குழாய்கள் அந்த வளைவிலிருந்துதான் கிளை பிரிகின்றன. தைக்கும் நேரத்துக்கு அங்கே ரத்த ஓட்டத்தை நிறுத்தியாக வேண்டும். கையும் காலும் கொஞ்சம் பொறுக்கும், மூளை பொறுக்காது. ரத்தம் நின்ற சில நிமிடங்களிலேயே சாகத் தொடங்கிவிடும்.

"அப்ப மூளையை எப்படிங்க டாக்டர் காப்பாத்துவீங்க?" என்று நான் முந்திக்கொண்டேன். அண்ணன் என் காலை மிதித்தான்.

இரண்டு வழி, இரண்டையும் சேர்த்தே செய்வோம் என்றார் டாக்டர். ஒன்று, உடம்பைக் குளிர வைப்பது. குளிர்ந்த மூளைக்குப் பசி குறைவு, கொஞ்ச ரத்தத்தில் தாக்குப்பிடிக்கும். இன்னொன்று, வலது தோளுக்குக் கீழே ஓடும் குழாய் வழியாக இயந்திரத்திலிருந்து மூளைக்கு மட்டும் தனியாக ரத்தம் அனுப்புவது. நெற்றியில் இரண்டு ஸ்டிக்கர் ஒட்டி, ஒளியைச் செலுத்தி, மூளைக்கு உயிர்க்காற்று போதுமான அளவு போகிறதா என்று முழு நேரமும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இத்தனை செய்தும் சிலருக்குக் கை கால் விழுந்துவிடுவதுண்டு, பேச்சு குழறுவதுண்டு, நினைவு பிசகுவதுண்டு. அதையும் மறைக்காமல் சொன்னார்.

கார் மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறும்போது நான் வாயை மூடவில்லை. சொல்லவே கூச்சமாக இருக்கிறது, பயத்தோடு பாதி எனக்கு உற்சாகமும் இருந்தது. ரத்த ஓட்டத்தை நிறுத்திவிட்டுத் தலைக்கு மட்டும் தனிக்குழாய்! யாருக்குத் தோன்றியிருக்கும் இது?

"பர்லியார் வர்ற வரைக்குமாச்சும் வாயை மூடுடி, காது அடைக்குது" என்றான் வண்டி ஓட்டிய அண்ணன்.

"மலை ஏறுனா காது அடைக்கத்தான் செய்யும்."

"மலையால இல்லை. உன்னால."

அம்மாவுக்குக் குழாய் விஷயம் சட்டென்று புரிந்தது. எங்கள் தெருவில் மெயின் பைப்பை மாற்றியபோது, பக்கத்து வீட்டுத் தொட்டியிலிருந்து ஓஸ் குழாய் இழுத்து எங்கள் சமையல்கட்டுக்கு மட்டும் தண்ணீர் விட்டிருந்தார்கள். அதேதான் என்றேன்.

"அப்பக் கக்கூசுக்கு?"

"அது பொறுத்துக்கும்மா. சமையல்கட்டு நின்னாத்தான் எல்லாம் நிக்கும்."

"நீ ஒரு நாளாச்சும் கக்கூஸ் கழுவியிருந்தா இப்படிப் பேச மாட்ட."

பின்சீட்டில் அத்தா ஓசையில்லாமல் குலுங்கிச் சிரித்தார். ஆனால் குளிர் விஷயத்தில் அம்மா மசியவில்லை. பனி தலைக்கு ஏறக்கூடாது என்று அந்த மனுஷனை அத்தனை வருஷம் மூடி மூடி வைத்திருக்கிறாள். தலையைச் சுற்றி ஐஸ் கட்டி வைப்பார்கள் என்று நான் சொன்னதும் அவள் முகம் வெளிறிவிட்டது. "பனி பட்டா ஜன்னி வந்துருமே! ஏனுங்க, நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா?"

"மாவு மாதிரிதான்" என்றார் அத்தா. "குளுர்ல மாவு பொங்காது. செத்தா போயிருது? அடுப்புப் பக்கத்துல வெச்சா எந்திரிச்சுக்குது."

"நீங்க மாவுங்களா?"

"இருபத்தஞ்சு வருஷமா என்னை நீ அப்படித்தான பெசையற."

அவர் சொன்னது எனக்குப் பிடித்துப்போய், திரும்பச் சூடேற்றுவதையும் மெதுவாகத்தான் செய்ய வேண்டுமாம், அவசரப்பட்டால் மூளைக்குக் கெடுதியாம் என்று ஆரம்பித்தேன். அத்தா டப்பாவிலிருந்து ஒரு வர்க்கியை எடுத்து என் வாயில் செருகினார். என்னை அடக்க அவருக்குத் தெரிந்த வழி சின்ன வயதிலிருந்தே அதுதான். என்னை ரேடியோ என்று கூப்பிடுவார். வர்க்கி போட்டால் ரேடியோ கொஞ்ச நேரம் நிற்கும்.

ஆபரேஷனுக்கு நாள் குறித்த பிறகு எனக்கு ஒரே பயம்தான். உயிர் போவதைப் பற்றி நினைக்கக்கூட நான் தயாராக இல்லை. பயம் வேறு. ஆள் பிழைத்து வந்து, கண் திறந்து, அது எங்கள் அத்தாவாக இல்லாமல் போனால்? அந்த நக்கல் எங்கே இருக்கிறது மூளையில்? அதற்கும் அந்த ஓஸ் தண்ணீர் போய்ச் சேருமா? டாக்டர்கள் கையைத் தூக்கச் சொல்வார்கள், பெயரைக் கேட்பார்கள். அது போதுமா? எங்களுக்கு மட்டுமே தெரிந்த கேள்விகள் சிலவற்றை நானே யோசித்துவைத்தேன். கடையின் பழைய ஷட்டருக்கு என்ன நிறம்? என் ஒண்ணாங் கிளாஸ் டீச்சர் எந்த ஊரிலிருந்து பஸ்ஸில் வருவார்? (எமரால்டு.) பைக்காராவுக்குப் போனபோது போட்டில் யார் வாந்தி எடுத்தது? (அண்ணன். இது எங்கள் வீட்டில் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த செய்தி.)

ஆனால் எதையும் மறைத்து வைக்க எனக்கு எப்போது தெரிந்தது? கிளம்புவதற்கு முந்தைய நாள், அத்தா மாவு பிசைந்துகொண்டிருந்தார். பிசையக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அண்ணன் பிசைய, மேற்பார்வை என்ற பெயரில் அவரும் ஒரு கை போட்டார். நான் வாசல் நிலையில் சாய்ந்து நின்று ஷட்டர் நிறத்தைப் பற்றி லேசாகப் பேச்சை எடுத்தேன்.

அத்தா நிமிர்ந்து பார்த்தார். "நான் முழிச்சதும் பரீட்சை வெக்கப் போறியா?"

"பரீட்சை எல்லாம் இல்லீங்கத்தா. சும்மா நாலு கேள்வி."

"மூளை இருக்குதா இல்லையான்னு."

"அப்படி இல்லைங்க..."

"கேட்டுக்க. டாக்டர் கேட்டா சொல்லுவேன், நர்சம்மா கேட்டா சொல்லுவேன். நீ கேட்டா ஒண்ணுக்கும் பதில் சொல்ல மாட்டேன்." மாவுக் கையை என் பக்கம் நீட்டினார். "பேசுனது பேசுனதுதான்."

அண்ணன் சிரித்தான். நான் கோபித்துக்கொண்டு கல்லாவுக்குப் போய்விட்டேன்.

ஆபரேஷன் அன்று காலை ஆஸ்பத்திரியில் அத்தாவைக் கிருமிநாசினி போட்டுக் குளிப்பாட்டிப் பச்சைத் துணி மாட்டிவிட்டிருந்தார்கள். அறையில் ஏசி. அம்மா கட்டிலோரம் உட்கார்ந்து வாய்க்குள் துஆ ஓதிக்கொண்டிருந்தாள். நானும் அண்ணனும் டீ குடிக்கக் கீழே போய்த் திரும்பினோம். அப்போது அறையில் தைல வாசனை அடித்தது. எனக்கு அதில் எதுவும் வித்தியாசமாகப் படவில்லை. எங்கள் அத்தா இருக்கும் இடத்தில் அந்த வாசனை இருக்கும், அவ்வளவுதான். தியேட்டர் கதவு வரை அத்தாவின் தள்ளுவண்டியோடு ஓடினேன். "அத்தா, தோள்வழியா போடற குழாய்தான் முக்கியம், பயப்படாதீங்க" என்றேன். "நீ போயி ஆபரேஷன் பண்றியா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.

காத்திருக்கும் கூடத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம்கூட ஆகியிருக்காது. பச்சைத் தொப்பியும் முகமூடியுமாக மயக்கம் கொடுக்கும் டாக்டரம்மாவே வெளியே வந்துவிட்டார்.

"பேஷன்ட் நெத்தியில யாரு என்ன தடவுனது? ஸ்டிக்கர் ஒட்டவே மாட்டேங்குது. ஒட்டறோம், வழுக்குது, ஒட்டறோம், வழுக்குது."

நானும் அண்ணனும் அம்மாவைப் பார்த்தோம். அம்மா மடியிலிருந்த அத்தாவின் மஃப்ளருக்குள் கையை இழுத்துக்கொண்டாள். கைக்குள் சின்ன பாட்டில்.

"நெஞ்சுல தடவுனீங்களாம்மா? உண்மையைச் சொல்லுங்க. கரண்ட் வெச்சு ரத்தத்தை அடைக்கற கருவி இருக்கு, தைலம் இருந்தாத் தீப்பிடிச்சுரும்."

"நெஞ்சுல இல்லைங்க டாக்டரம்மா. அல்லா சத்தியமா இல்லைங்க. உள்ளங்கால்ல, நெத்தியில. நெத்தியில மட்டும் கொஞ்சம் சாஸ்தி."

"அதென்ன நெத்தியில மட்டும் சாஸ்தி?"

அம்மா என்னைக் காட்டினாள். "இவதாங்க சொன்னா. நெத்தி வழியாத்தான் மூளையைப் பாக்கறாங்க, நெத்திதான் முக்கியம்னு. அதான் அங்க நல்லாப் போட்டுவிட்டேன்."

டாக்டரம்மாவின் கண் முகமூடிக்கு மேலே சுருங்கியது. சிரித்தாரா, எரிச்சலா, தெரியவில்லை. "துடைச்சுக் கழுவி ஒட்டிக்கறோம். கொஞ்சம் லேட் ஆகும். இனி யாரும் எதையும் தடவாதீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அவர் வந்து போன வழியெல்லாம் ஊட்டி வாசனை.

நான் அம்மாவைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டேன். மூளையைக் கண்காணிக்க இருக்கும் ஒரே ஜன்னல் அது, அதில் போய் எண்ணெயைப் பூசி வைத்திருக்கிறாயே என்று கத்தினேன். பக்கத்து நாற்காலிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "நெத்தி நெத்தின்னு ஒரு மாசமாப் பாடம் நடத்துனது யாரு?" என்றான் அண்ணன். அம்மா பாட்டிலை என்னிடம் நீட்டி, "நீயே வெச்சுக்க. என்ற கையில இருந்தா மறுபடியும் தேய்ச்சுருவேன்" என்றாள்.

அந்தப் பகலில் என்னால் உட்கார முடியவில்லை. கூடத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். தண்ணீர் குடித்தேன், மறுபடியும் நடந்தேன். நெஞ்சைத் திறந்துவிட்டார்கள் என்று ஒரு நர்ஸ் வந்து சொன்னார். இயந்திரத்தில் போட்டுவிட்டார்கள், குளிரவைக்கிறார்கள் என்று இன்னொரு முறை. நான் வெளியே வந்து கார் நிறுத்துமிடத்தில் கோயமுத்தூர் வெயிலில் நின்றேன். கழுத்தில் வியர்வை ஓடியது. அத்தா உள்ளே எங்கள் எந்த ஜனவரியிலும் இல்லாத அளவுக்கு உடம்பு குளிர்ந்து கிடக்கிறார்.

ஜனவரியில் ஊட்டி ரேஸ்கோர்ஸில் உறைபனி விழுந்து புல் வெள்ளையாகச் செத்துக் கிடக்கும். வெயில் ஏறியதும் ஒன்றுமே நடக்காததுபோலப் பச்சையாகிவிடும். அதை நினைத்துத் தெம்பாக இருந்தேன். உடனே இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அதே பனி தேயிலையில் விழுந்தால் கொழுந்து கருகிப்போகும், வெயில் வந்தாலும் திரும்பாது. மூளை புல்லா, தேயிலையா? படித்ததெல்லாம் புல் என்றது. வயிறு தேயிலை என்றது. உள்ளே இப்போது பெரிய பைப்பை மூடியிருப்பார்கள். தலைக்கு மட்டும் ஓடும் அந்த மெல்லிய குழாய். நெற்றியைச் சரியாகத் துடைத்திருப்பார்களா? ஸ்டிக்கர் காட்டும் எண் இறங்கினால் யாராவது பார்ப்பார்களா? அண்ணனுக்குப் போன் போட்டு, "டாக்டரம்மாகிட்ட ஸ்டிக்கர் ஒட்டுச்சான்னு கேளு" என்றேன். "நான் கதவைத் தட்டிக் கேக்கணுமா? மேல வா, லூசு" என்றான்.

சாயங்காலம் அறுவை டாக்டர் வந்தார். வளைவை மாற்றியாயிற்று, இதயம் ஓடுகிறது, சூடேற்றியாயிற்று. ஸ்டிக்கர் கடைசிவரை நன்றாக ஒட்டியிருந்தது என்று என்னைப் பார்த்துச் சொன்னார்; ஆக, விஷயம் தியேட்டர் முழுக்கப் பரவியிருக்கிறது. "முழிக்கட்டும். முழிச்சாத்தான் மூளையைப் பத்திச் சொல்ல முடியும்."

மறுநாள் அத்தா முழித்தார். முழுதாக இல்லை. வாயிலிருந்து குழாயை எடுத்ததும் நர்ஸிடம் அவர் சொன்ன முதல் பேச்சு, "கண்ணாடியை ஏத்துங்க, பனி உள்ள வருது" என்பது. மலைப்பாதையில் போகிற வண்டிக்குள் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். இவ்வளவு பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு சிலர் இப்படிக் குழம்புவார்கள், பெரும்பாலும் தெளிந்துவிடும் என்றார் நர்ஸ். எனக்கு அந்தப் 'பெரும்பாலும்' போதவில்லை.

அதற்கடுத்த நாள் ஒவ்வொருவராக உள்ளே விட்டார்கள். நெற்றியில் ஸ்டிக்கர் இருந்த இடம் இரண்டு சிவப்புக் கட்டமாகத் தெரிந்தது. கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தார். பார்வை என் மேல்தான் இருந்தது, அது நன்றாகத் தெரிந்தது.

"அத்தா, பைக்காராவுல போட்டுல யாரு வாந்தி எடுத்தா?"

பதில் இல்லை.

"சரி, பழைய ஷட்டர் என்ன கலரு?"

கண்ணை மூடிக்கொண்டார்.

"நான் யாருங்கத்தா?"

முகத்தைச் சுவர்ப்பக்கம் மெல்லத் திருப்பினார். கருகிய கொழுந்து என் கண் முன் வந்தது. வெளியே ஓடிவந்து, ரவுண்ட்ஸில் இருந்த டாக்டரம்மாவின் குறுக்கே நின்று, எங்கள் அத்தாவுக்கு எதுவும் ஞாபகம் இல்லை, என்னையே தெரியவில்லை என்று அழுதுகொண்டே சொன்னேன். அவர் உடனே உள்ளே வந்தார்.

"ஐயா, வலது கையைத் தூக்குங்க. இடது கை. என் விரலை இறுக்குங்க, ம். எந்த ஊர்ல இருக்கீங்க?"

"கோயமுத்தூரு" என்றது காற்றுக் குரல்.

"இது யாரு?"

"என்ற பொண்ணு. ரேடியோ."

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "எல்லாம் சரியாச் சொல்றாரேம்மா?"

"நான் கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாரு டாக்டர்!"

அத்தா மூச்சு வாங்கி, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். "அது கேட்டா... சொல்ல மாட்டேன்னு... ஊட்டுலயே சொல்லிட்டனுங்க. மாவு பெசையும்போது." இன்னொரு மூச்சு. "பேசுனது பேசுனதுதான்."

நான் அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஆபரேஷன் நாளிலிருந்து ஒழுங்காக உட்கார்ந்தது அப்போதுதான். எழுந்திரு, நேரம் முடிந்தது என்று நர்ஸ் சொல்லியும் எழ முடியவில்லை.

ஊட்டிக்குத் திரும்பிய பிறகும் குரல் வரவில்லை. நசுங்கிய நரம்பு நசுங்கியதுதான் போலிருக்கிறது. வேன்களை இப்போது அண்ணன் கூப்பிடுகிறான், பாதி வேன் நிற்காமல் போகிறது. அத்தா உள்ளே உட்கார்ந்து சைகையில் திட்டுகிறார். நான் திருந்தவில்லை. அவர் ஒரு வாடிக்கையாளரின் ஊரை மறந்தால் மனது திக்கென்கிறது. இதை ஆபரேஷனுக்கு முன்பும் மறப்பாரா என்று அம்மாவிடம் விசாரிக்கிறேன். "அவரு என்ற பொறந்தநாளையே ஒரு நாளும் ஞாபகம் வெச்சதில்லை, அதுக்கு என்ன ஆபரேஷன் பண்ணாங்க?" என்கிறாள்.

போன வாரம் கடையில் கூட்டம் இல்லை. அண்ணனைச் சீண்டுவதற்காக, வந்திருந்த அவன் நண்பனிடம் பைக்காரா போட் கதையை நூறாவது முறையாக எடுத்துவிட்டேன். அண்ணன் எப்படிப் பச்சை நிறமாக மாறினான், லைஃப் ஜாக்கெட்டிலேயே எப்படி எடுத்தான் எல்லாம். அத்தா உள்ளேயிருந்து கையைத் தட்டி என்னைக் கூப்பிட்டார். போனேன். யாரும் கேட்காமலே சொன்னார்:

"அவன் மட்டும் இல்லை. நீயுந்தான்."

"நானா? இல்லவே இல்லை. எனக்கு நல்லா ஞாபகம் இருக்குதுங்கத்தா."

அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு வர்க்கி டப்பாவைத் திறந்தார். இல்லாததை இருந்ததாகச் சொல்வதும் மூளை பிசகியதற்கு அடையாளம் என்று எங்கோ படித்திருந்தேன். நேராக அடுப்படிக்கு ஓடினேன். அம்மா அத்தாவின் உள்ளங்காலுக்காகத் தைலத்தைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தாள். மூச்சிரைக்கக் கேட்டேன்.

"ஆமா" என்றாள் அம்மா, திரும்பாமலே. "மொதல்ல எடுத்ததே நீதான். உன்னையப் பார்த்துத்தான் அவன் எடுத்தான்."